மருந்தில் சேராத மாத்திரை

என் மாமியாரின் நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றுவதற்கு முதல் நாள், சேலத்து ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் கையில் காகிதத்தோடு வந்து நின்றாள். வீட்டில் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். சர்க்கரைக்கு இரண்டு, பிரஷருக்கு ஒன்று, நீர் பிரிய ஒன்று. ஒவ்வொரு அட்டையாக எடுத்து நீட்ட, அவள் பார்த்து எழுதிக்கொண்டாள். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டாள். "வேற ஒண்ணும் இல்லீங்க சிஸ்டர்" என்றேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமியாரும் இல்லை என்று தலையாட்டினாள்.

நாங்கள் பொய் சொல்லவில்லை. பதினைந்து வருஷமாக அவள் முட்டி வலிக்குச் செட்டு தின்றுகொண்டிருந்தாள், அது உண்மைதான். ஆனால் எங்கள் ஊரில் செட்டு மாத்திரையில் சேராது. இண்டூர்ப் பக்கத்துப் புளோரைடு கலந்த கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் காவி ஏறும், நாற்பது தாண்டினால் முட்டி மடங்காது, இடுப்பு நிமிராது. குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்குள் அவள் எலும்பு இறுகிப்போயிற்று. மெடிக்கலில் போய் முட்டி வலிக்கு ஒரு செட்டு என்று கேட்டால், வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, பொடிசாக ஒன்று என்று மூன்றைப் பேப்பரில் மடித்துக் கொடுப்பார்கள். களை எடுக்கப் போகிறவள் காலை டீயோடு அதை விழுங்கிவிட்டுப் போவாள். வெற்றிலை போடுகிறவள் அதை நர்ஸிடம் மருந்து என்று சொல்வாளா? அப்படித்தான் இதுவும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நேரில் நான் அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவேன், நீங்க வாங்க என்றுதான் பேசுவேன். மனசுக்குள் என்றைக்கும் அவள்தான். எழுதும்போதாவது மனசில் இருப்பதை எழுதுகிறேன்.

சின்ன வயசில் வந்த ஏதோ ஒரு காய்ச்சல் அவள் வால்வைச் சுருக்கியிருந்தது. அது அறுபதை நெருங்கும்போது வேலையைக் காட்டியது. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும், படுத்தால் இருமும். ஆபரேஷன் நல்லபடியாகவே நடந்தது. வெளியே வந்த டாக்டர் என் வீட்டுக்காரரிடம் பொறுமையாகச் சொன்னார். "வால்வு புதுசா வெச்சாச்சுங்க. மத்ததெல்லாம் பழசு. இனிமே அதுங்கதான் தொந்தரவு பண்ணும்." சர்க்கரை, கிட்னி, முட்டி என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார். கிட்னி இவ்வளவு பழுதானதற்குச் சர்க்கரைதான் காரணமாக இருக்கும் என்றார். ஆமாம் என்று நாங்களும் நம்பினோம்.

அடுத்த கட்டிலில் மொரப்பூர்ப் பக்கத்து அம்மா ஒருவர். அதே வயசு, அதே வால்வு, ஒரு நாள் முன்னால் ஆபரேஷன். அவருக்கு அந்த ஒரு வியாதியைத் தவிர வேறு எதுவும் இல்லை. நான்காம் நாள் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தார். எட்டாம் நாள் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். என் மாமியாருக்கு எட்டாம் நாள் நெஞ்சுத் தையலில் சீழ் வைத்தது. சர்க்கரை இறங்கினால்தான் புண் ஆறும் என்றார்கள், புண்ணின் சீழ் சர்க்கரையை இறங்கவிடவில்லை. கிட்னி தண்ணீரை வெளியே தள்ளாததால் கால் இரண்டும் வீங்கின, இரண்டு தடவை டயாலிசிஸ் செய்தார்கள். எழுந்து நடந்தால் நெஞ்சுச் சளி கரையும் என்றார்கள். அவள் முட்டி எழுந்திருக்கவே விடவில்லை. படுத்தே கிடந்ததில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஒரு வியாதிக்குப் பார்த்தால் இன்னொன்று எழுந்து உட்கார்ந்துகொண்டது.

நான் அந்த மொரப்பூர் அம்மாவை அவளுக்குக் காட்டிக்கொண்டே இருந்தேன். அவங்க நடக்கறாங்க பாருங்க அத்தை, அவங்க இட்லி சாப்பிடறாங்க பாருங்க அத்தை என்று. உற்சாகப்படுத்துகிறேன் என்று நர்ஸ்கள் நினைத்தார்கள். எது சொன்னால் அவளுக்குச் சுருக்கென்று தைக்கும் என்று இருபத்திரண்டு வருஷம் பக்கத்தில் இருந்து படித்தவள் நான். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். எனக்கு அன்றைய சோறு நன்றாக இறங்கும்.

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். ஒன்றே ஒன்று சொல்கிறேன். என் மூத்த பெண் பிறந்தது சித்திரை மாசம். பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு பானையாகிவிடும் என்று என் மாமியார் எனக்கு நாளைக்கு ஒரு சொம்புதான் கொடுத்தாள், அதுவும் காய்ச்சி ஆறியது. பால் கொடுக்கிற உடம்பு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் குழந்தையைக் குளிப்பாட்ட வைத்திருந்த வெந்நீரைத் திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டேன். அதற்காகச் சொந்தக்காரர்கள் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். என் வீட்டுக்காரர் அங்கேதான் நின்றிருந்தார், வாயைத் திறக்கவில்லை. இதை நான் மறந்துவிட்டேன் என்று அவள் நினைத்திருக்கலாம்.

ஒரு மாசம் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். உள்ளே வைத்திருக்கிற வால்வு உலோகம், அதில் ரத்தம் உறைந்து ஒட்டிவிடாமல் இருக்க ஆயுசு முழுக்க ஒரு மாத்திரை, ஒரு நாளும் தவறக் கூடாது என்று நர்ஸ் விளக்கினாள். அது ரத்தத்தை இளக்கி வைப்பதால் எங்கேயாவது கசிந்தால் நிற்காது, ஆகவே எங்களைக் கேட்காமல் வலி மாத்திரை எதுவுமே கூடாது என்றாள். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. "செட்டு கூட கூடாதுங்களா?" என்று கேட்டேன். அவள் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். எத்தனை வருஷமாகத் தின்கிறார்கள் என்று கேட்டாள். சொன்னேன். கிட்னியைக் கெடுத்ததில் அதற்கும் பங்கு உண்டு, இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கத்தினாள். இனி ஒன்று உள்ளே போனாலும் வயிறு புண்ணாகி ரத்தம் கொட்டும், அப்புறம் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றாள். ஆக, எனக்குத் தெரியாது என்று நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்ய முடியாது.

அந்தத் தாள் என் கைக்கு வந்த நாளிலிருந்து வீட்டில் என் ஆட்சி. நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்று போட்டிருந்தது. காலையில் ஒரு பாட்டிலில் நிரப்பி அவள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், கை எட்டாத தூரத்தில் வைத்துவிடுவேன். மாத்திரை விழுங்க அரை டம்ளர், சாப்பாட்டுக்கு அரை டம்ளர். கேட்டால் தாளைக் காட்டுவேன். உப்பு பிரஷருக்கு ஆகாது. வாழைப்பழமும் இளநீரும் கிட்னிக்கு ஆகாது. சோறு சர்க்கரைக்கு ஆகாது. கீரை சர்க்கரைக்கு நல்லது, ஆனால் திடீரென்று கூடக் குறையத் தின்றால் வால்வு மாத்திரையின் வேலை மாறிவிடும். ஆயுசுக்கும் களியும் கீரையும் தின்றவளுக்கு ஒரு சின்ன உருண்டை களியும் உப்பில்லாத பருப்புத் தண்ணியும் வைத்தேன். ஒவ்வொரு வியாதியும் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டது. நான் எதையும் என் இஷ்டத்துக்குச் செய்யவில்லை, எல்லாம் தாளில் இருந்தது. அதைச் செய்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பது மட்டும் தாளில் இல்லை.

வந்தவர்கள் எல்லாம் பெற்ற மகள் கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்று என்னைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஆடினார்கள். நேரம் தவறாமல் சர்க்கரைக்கு ஊசி, நேரம் தவறாமல் மாத்திரை, புண்ணுக்குக் கட்டு. அவள் எல்லாருக்கும் முன்னால் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். ஆட்கள் போனதும் கரித்துக் கொட்டுவாள். நானும் கட்டுப் பிரிக்கும்போது பிளாஸ்திரியைக் கொஞ்சம் வேகமாகத்தான் இழுப்பேன்.

நடப்பதுதான் நடக்கவில்லை. இருபது நாளில் ரிவ்யூ, அதற்குள் வீட்டுக்குள்ளாவது நடந்து பழக வேண்டும், இல்லையென்றால் மறுபடி சேர்க்க வேண்டிவரும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கினால், நின்ற இடத்திலேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு அலறுவாள். கக்கூசுக்குக்கூட நான்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அவள் எடைக்கு என் இடுப்பு விட்டுப்போயிற்று. நீ சரியாக நடக்க வைக்கவில்லை என்று என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பும்போது தினமும் சொல்லால் ஒரு குத்து குத்திவிட்டுப் போவார். வந்து ஒரு நாள் தூக்கிப் பாருங்கள் என்றால் பைக்கை ஸ்டார்ட் செய்துவிடுவார்.

ஒரு மத்தியானம் அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். என்னிடம் அவள் கெஞ்சி நான் பார்த்ததில்லை. "ஒரே ஒரு செட்டு வாங்கிக் குடும்மா. உனக்குப் புண்ணியமாப் போவும். வலி தாங்கல." முட்டி இரண்டும் பாறை மாதிரி இருந்தன. ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த சாதா வலி மாத்திரை அவளுக்கு எம்மாத்திரம்? நான் முந்தானையை உருவிக்கொண்டு தாளில் இல்லை என்றேன். அப்படியே செத்துப்போனாலும் பரவாயில்லை என்றாள். அதற்கும் தாளில் இடமில்லை அத்தை என்றேன். இப்படிப் பேசிவிட்டு அடுப்படியில் போய்ச் சிரித்தேன். நானும் மனுஷிதானா என்று அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்து, நான் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினால் அவள் நிற்கிறாள். சுவரைப் பிடித்திருந்தாள், அவ்வளவுதான். தானாக எழுந்து, தானாக நடந்து, கொல்லைக் கதவு வரைக்கும் வந்திருந்தாள். முகத்தில் ஒரு தெளிச்சி. துணியை இப்படியா பிழிவார்கள் என்று ஒரு நொட்டை சொன்னாள். மறுநாள் தெருமுனை வரைக்கும் போய் வந்தாள். ஊரே வந்து பார்த்தது. என் வீட்டுக்காரர் எனக்கு அரூரிலிருந்து மல்லிகைப்பூ வாங்கி வந்தார், கல்யாணமான புதிசில் வாங்கியதற்கு அப்புறம் அன்றைக்குத்தான்.

கொல்லையில் அவளைப் பார்த்த அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துபோயிற்று. செட்டு போட்டவள் நடக்கிற நடையை நான் பதினைந்து வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குச் சாயங்காலம் விரல் குத்திப் பார்த்ததில் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. செட்டில் இருக்கிற அந்தப் பொடிசான மாத்திரை அப்படித்தான் ஏற்றும் என்று தாள் கொடுத்த நர்ஸ் சொல்லியிருந்தாள். பூ வாங்கி வந்ததற்கு மறுநாள் மத்தியானம் அவள் கண்ணயர்ந்திருந்தபோது தலையணை உறைக்குள் கையை விட்டேன். பேப்பர் மடிப்புகள் நாலு இருந்தன. பக்கத்து வீட்டு அக்காதான் கொடுத்திருக்க வேண்டும். அந்த அக்காவும் அதைத்தான் தின்கிறது, வலியில் கிடக்கிறாளே என்று தன்னுடையதில் கொடுத்திருக்கும். அதில் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இருந்திருக்காது.

மடிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எடுத்து அடுப்பில் போட்டிருக்கலாம். ஒரு போன் போட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் வழி சொல்லியிருப்பார்கள். ஆனால் அவற்றைப் பிடுங்கினால் நாளையிலிருந்து மறுபடி அவளைக் கக்கூசுக்குத் தூக்க வேண்டும். மறுபடி என் வீட்டுக்காரர் குத்திப் பேசுவார், மல்லிகைப்பூ வாடியதோடு சரி. ரிவ்யூவுக்கு இன்னும் ஒன்பது நாள். ஒன்பது நாளில் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கும் அடியில் வேறொன்று இருந்தது. அவளாகத் தின்கிறாள், அவளாகப் போகட்டுமே என்று ஒரு நினைப்பு. அது வந்தது, வந்ததை நான் விரட்டவில்லை. நாலு மடிப்பையும் இருந்த இடத்திலேயே வைத்தேன்.

வைத்துவிட்டு நிமிர்ந்தால் அவள் கண் திறந்திருக்கிறது. என் கையையும் என் முகத்தையும் பார்த்தாள். போர்வையை இழுத்து விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதற்கப்புறம் சர்க்கரை ஏற ஏற நான் ஊசி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் போட்டேன். ஏன் கூட்டுகிறாய் என்று அவள் கேட்கவே இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சண்டை இல்லாமல் இருந்த வாரம் அது ஒன்றுதான்.

மடிப்பைப் பார்த்த ஏழாம் நாள் கக்கூசில் கறுப்பாகத் தார் மாதிரி போயிருந்தது. அவள் அங்கேயே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்து உதடு நீலமாக இருந்தது. ஆம்புலன்ஸில் சேலம் போகிற வழியெல்லாம் என் வீட்டுக்காரர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எனக்குக் கண்ணீர் வரவில்லை. குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பை முழுக்கப் புண். பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றினார்கள். வால்வு மாத்திரையை நிறுத்தியாக வேண்டும் என்றார் டாக்டர். நிறுத்தாவிட்டால் ரத்தம் போயே செத்துவிடுவார்கள், நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போகலாம், இரண்டில் எது என்று நாங்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன், நிறுத்தச் சொல்லி அவர் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த நாள் கொஞ்சம் தேறிக் கண் விழித்தாள். டாக்டர் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, வலி மாத்திரை யார் கொடுத்தது என்று கேட்டார். குரலில் அவ்வளவு கோபம். என் வீட்டுக்காரர் மெல்ல என் பக்கம் திரும்பினார். சொல்லப்போகிறாள், இந்த ஒரு சந்தர்ப்பத்துக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தாள், சொல்லிவிடட்டும் என்று கூட நினைத்தேன்.

அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "அவளுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. தங்கமாப் பாத்துக்கிட்டா. நானாத்தான் திருட்டுத்தனமா வாங்கித் தின்னுட்டன்."

அவ்வளவுதான். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னைச் சந்தேகப்பட்டுவிட்டேனே என்று விம்மினார். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் எனக்காகப் பேசிய முதல் பேச்சு அது. அவள் என்னை அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. மூன்றாம் நாள் காலையில் நர்ஸ் அவள் முகத்தைக் கழுவிவிடப் போனபோது வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. வலது கையும் காலும் போய்விட்டன, பேச்சும் போய்விட்டது. திரும்பி வராது என்று ஒரு மாசத்தில் சொல்லிவிட்டார்கள்.

இப்போது வருஷம் ஒன்று ஆகப்போகிறது. கூடத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருக்கிறோம். வால்வுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது மட்டும் நன்றாக வேலை செய்கிறதாம். நான்தான் துடைக்கிறேன், நான்தான் புரட்டிப் போடுகிறேன், நான்தான் ஊட்டுகிறேன். இப்போதெல்லாம் படுக்கைப் புண்ணுக்குப் போட்ட பிளாஸ்திரியைத் தண்ணீர் தொட்டு மெதுவாகத்தான் எடுக்கிறேன். அது யாருக்கும் தெரியாது. பார்க்க வருகிற ஒவ்வொரு ஆளிடமும் என் வீட்டுக்காரர், அம்மா கடைசியாகப் பேசியது என்ன தெரியுமா என்று ஆரம்பித்துவிடுவார். அவளுக்கு ஒன்றும் தெரியாது, தங்கமாகப் பார்த்துக்கொண்டாள் என்று சொன்னாள் என்பார். வந்தவர்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் கண் என் மேலேயே இருக்கும்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் யோசிக்காத நாள் இல்லை. என் மேல் பாசம் வந்து சொல்லியிருக்க மாட்டாள், அந்த அளவுக்கு நான் முட்டாள் இல்லை. இனி தன்னைக் கழுவிவிடப் போகிற கை எது என்று கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கலாம். அல்லது ஆயுசுக்கும் நான் இப்படிக் கிடந்து வேகட்டும் என்று சொல்லியிருக்கலாம். போன வாரம் ஒரு நாள், வீட்டில் யாரும் இல்லை, மத்தியானச் சாப்பாட்டைக் கரைத்து எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தவள் கேட்டே விட்டேன். "நீங்கதான் பார்த்தீங்களே அத்தை. ஏன் அப்படிச் சொன்னீங்க?" அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. வெகு நேரம் கழித்துத்தான் புரிந்தது, அவள் சோற்றுக்காகத் திறந்திருக்கிறாள் என்று.